பிரபஞ்சமும் உயிரும் தோன்றிய வரலாறு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது, உயிர் எப்படிப் பரிணமித்தது என்பவை குறித்து நம் இரு மாவட்டங்களிலும் மாணவர்களும் பெற்றோர்களும் உழவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. என்ன நடந்தது என்பதோடு, அது நமக்கு எப்படித் தெரியும் என்பதையும் ஒவ்வொரு பதிலிலும் சொல்ல முயன்றிருக்கிறோம். இரண்டாவதை அறியாமல் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். இயன்ற இடங்களிலெல்லாம் சான்றுகளை நம் மண்ணின் பாறைகளிலிருந்தும் பயிர்களிலிருந்துமே எடுத்திருக்கிறோம்.

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். பார்க்க ஒருவரும் இல்லாத காலத்தைப் பற்றி எப்படிச் சொல்ல முடிகிறது?

வானத்தில் தொலைவைப் பார்ப்பது என்பதே கடந்த காலத்தைப் பார்ப்பதுதான். மார்கழி மாத முன்னிரவில் வத்தல்மலை போன்ற விளக்கொளி குறைந்த உயரமான இடத்திலிருந்து பார்த்தால், ஆந்த்ரொமெடா விண்மீன் மண்டலம் (கேலக்சி) மங்கிய புகைத் திட்டாக வெறுங்கண்ணுக்கே தெரியும். இன்று நம் கண்ணில் விழும் அதன் ஒளி, ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. பெரிய தொலைநோக்கிகள் இதே வழியில் பல நூறு கோடி ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்கின்றன.

தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகிச் செல்கின்றன என்பதும், எவ்வளவு தொலைவில் உள்ளனவோ அவ்வளவு வேகமாக விலகுகின்றன என்பதும் அடுத்த சான்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் 1927-இல் கணக்கின் வழியாகவும், அமெரிக்கரான எட்வின் ஹபிள் 1929-இல் நேரடி அளவீட்டின் வழியாகவும் இதை நிறுவினர். இன்று விரிந்துகொண்டே போவது முன்பு நெருங்கியும் வெப்பமாகவும் இருந்திருக்க வேண்டும். அந்த வெப்பத்தின் மிச்சம் இப்போதும் வானமெங்கும் பரவியிருக்க வேண்டும் என்று சில இயற்பியலாளர்கள் முன்கூட்டியே கணித்தார்கள். 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், தங்கள் வானொலி ஏற்பியில் எந்தத் திசையில் திருப்பினாலும் மாறாமல் கேட்ட ஓர் இரைச்சலைப் பற்றி அறிவித்தனர். அதுதான் அந்த மிச்சம். பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெளிப்பட்ட அந்த ஒளி, இப்போது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. அதில் உள்ள மிக நுட்பமான ஏற்றத்தாழ்வுகளை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த பிறகே 1380 கோடி என்ற எண் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது.

விரிவின் இன்றைய வேகத்தை இருவேறு முறைகளில் அளந்தால் விடைகளுக்கு இடையே நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்கு வேறுபாடு வருகிறது. அதன் காரணம் இன்னும் தீர்வாகவில்லை. நல்ல மாணவர் ஒருவருக்கு இதைவிடச் சுவையான ஆய்வுப் பொருள் அமைவது கடினம். ஆனால் பிரபஞ்சம் விரிகிறது என்பதையோ, அது ஒரு காலத்தில் அடர்ந்து கொதித்தது என்பதையோ இந்த வேறுபாடு அசைக்கவில்லை.

பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது? அதற்கு முன் என்ன இருந்தது?

அடர்ந்து கொதித்த நிலையிலிருந்து பிரபஞ்சம் விரியத் தொடங்கியதையே பெருவெடிப்பு என்கிறோம். ஏதோ ஓரிடத்தில் பட்டாசு வெடித்ததைப் போல் அது நடக்கவில்லை. விண்வெளியேதான் விரிந்தது ஆகையால், இன்றைய ஒவ்வோர் இடமும் அன்று அதற்குள் இருந்தது. தருமபுரி பேருந்து நிலையம் இருக்கும் இடமும் அதில் சேர்த்திதான். அதற்கு முன் என்ன என்பதற்கு அறிவியலில் பல கருதுகோள்கள் உண்டு; சோதித்து உறுதி செய்யப்பட்ட பதில் இல்லை.

நம் உடலில் உள்ள இரும்பு எங்கிருந்து வந்தது?

முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம் ஆகியவை மட்டுமே. இன்று நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அப்போது உருவானதுதான். மற்றவை ஏறத்தாழ எல்லாம் பிற்பாடு விண்மீன்களில் சமைந்தவை. விண்மீனின் நடுவில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. ஹீலியம் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறுகிறது. சூரியனைவிடப் பல மடங்கு நிறையுள்ள விண்மீன்களில் இந்த வரிசை இரும்பு வரை நீள்கிறது. இரும்புக்கு மேல் இணைத்தால் ஆற்றல் வெளிப்படாது, செலவுதான் ஆகும். எனவே அந்தக் கட்டத்தில் நடுப்பகுதி தன் எடையைத் தாங்க முடியாமல் சரிந்து, விண்மீன் வெடித்துச் சிதறுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சத்தை வெண்குறுமீன் என்கிறோம். அது சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் தாங்காது என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வரம்பை நெருங்கி வெடிக்கும் வெண்குறுமீன்கள்தான் பிரபஞ்சத்தின் இரும்பில் பெரும்பங்கை வாரி இறைத்தன. நமக்கு அருகிலுள்ள கோலாரின் தங்கம் போன்ற கன உலோகங்களுக்கு வேறு பட்டறை தேவைப்பட்டது. வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்களான நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும்போது அத்தகைய தனிமங்கள் உருவாவதற்கான தடயத்தை 2017-இல் வானியலாளர்கள் நேரடியாகவே கண்டனர்.

அந்த இரும்பு பூமிக்குள் வந்து, கடலில் கரைந்து, பின்னர் படிந்த இடங்களுள் ஒன்று அரூர் அருகிலுள்ள தீர்த்தமலை. அங்குள்ள தாது காந்தத்தில் ஒட்டும் வகை. கருமையான இரும்புப் பட்டைகளும் வெளிறிய சிலிக்கா பட்டைகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில், இரும்புப் பயன்பாடு பொதுக் காலத்துக்கு முன் 2172 வரை செல்வதாகக் கரிமக் காலக்கணிப்பு காட்டியது. வளர்ந்த ஒருவரின் உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. மலைத் தாதுவும் மயிலாடும்பாறைக் கருவியும் நம் குருதியின் சிவப்பும் இத்தகைய வெடிப்புகளின் விளைவுகள் என்பது கணக்கிட்டு, அளந்து, சரிபார்க்கப்பட்ட உண்மை.

ஒகேனக்கல் பாறைகள் உலகிலேயே பழமையானவை என்று சொல்கிறார்களே, சரிதானா?

இல்லை, ஆனால் உண்மையும் சிறிதல்ல. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பாறைகளில் ஒன்று கனடாவின் அகாஸ்டா பகுதியில் உள்ளது. அதன் வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஒகேனக்கல்லில் உள்ள கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த வகைப் பாறைகளில் அது மிகப் பழையவற்றுள் ஒன்று. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளின் பாறைகளோ சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து, பாதி உருகி, உருமாறியவை. இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகளே ஆகின்றன என்பதை நினைத்தால், நம் ஊர்க் கரடுகளின் முதுமை விளங்கும்.

பர்கூர்ப் பக்கம் வெட்டியெடுத்து மெருகேற்றிய கிரானைட் பலகை ஒன்றை அருகில் நின்று பாருங்கள். கறுத்த வரிகளும் வெளிறிய இளஞ்சிவப்பு வரிகளும் ஒன்றையொன்று தழுவி வளைந்து செல்லும். வெளிறியவை குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும். பாறை சூடேறியபோது முதலில் உருகியவை அவை. கறுத்தவை பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும். உருகாமல் எஞ்சி நின்றவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த உருகலின் நடுவே அந்தப் பாறை அப்படியே உறைந்து போயிருக்கிறது. வீட்டுத் தரையில் நாள்தோறும் நாம் மிதிக்கும் கல்லில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

வயதை அளப்பது இப்படித்தான். இத்தகைய பாறைகளில் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே உள்ள சிர்கான் என்ற படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். காரீயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கும். யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து காரீயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஆகவே படிகத்துக்குள் இப்போது உள்ள காரீயம் எல்லாம் உள்ளேயே பிறந்ததென்று கொள்ளலாம். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஒரே படிகத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் இருப்பதே இம்முறையின் வலிமை. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அந்த விடையை நம்பலாம். காட்டாவிட்டால் படிகம் பின்னர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். யுரேனியம் காரீயமாகும் இதே சிதைவை அடிப்படையாகக் கொண்டு, விண்கற்களின் காரீயத்தை அளந்துதான் கிளேர் பேட்டர்சன் 1956-இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று அறிவித்தார்.

இந்தப் பழைய பாறைகளோடு நமக்கு ஒரு துயரமான உறவும் உண்டு. அவற்றின் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கசிந்துதான் ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்ந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பற்களில் கறையும் எலும்பில் நோயும் வந்ததற்கு அதுவே காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதும் அதனால்தான்.

இவ்வளவு பழைய பாறைகளில் ஏன் தொல்லுயிர்ப் படிவங்கள் கிடைப்பதில்லை?

எலும்பும் ஓடும் சேறு, மணல் போன்ற படிவுகளில் புதைந்தால்தான் படிவமாகும். நம் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அதில் எந்த உடலின் சுவடும் தங்காது. அதோடு, அவை உருவான காலத்தில் பூமியில் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. அரியலூர்ப் பகுதியில் கடல் உயிர்களின் ஓடுகளும் திருவக்கரையில் கல்லாகிய மரங்களும் கிடைப்பதற்கு, அங்கே இளைய படிவுப் பாறைகள் இருப்பதே காரணம்.

உயிர் எப்படித் தோன்றியது?

இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் இன்னும் இல்லை. உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய பாறை அமைப்புகள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஆகவே பூமி உருவாகி ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆனபோதே இங்கே உயிர் இருந்திருக்கிறது. உயிரின் கட்டுமானப் பொருள்கள் தாமாகவே உருவாகக் கூடியவை: 1953-இல் ஸ்டான்லி மில்லர் எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார், 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அவை கிடைத்தன. ஆர்.என்.ஏ. மூலக்கூறு மரபுச் செய்தியைச் சுமப்பதோடு வேதிவினையையும் நடத்தவல்லது என்று கண்டறிந்த செக், ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதமும் டி.என்.ஏ.வும் வருமுன்னர் ஆர்.என்.ஏ.வே இரண்டு வேலைகளையும் பார்த்திருக்கலாம் என்ற கருத்துக்கு அதுவே அடிப்படை. இந்தத் துண்டுகள் தம்மைத் தாமே நகலெடுக்கும் ஒரு செல்லாக எப்படி ஒருங்கிணைந்தன என்பதுதான் விடுபட்ட கண்ணி.

அதற்குப் பின் நடந்தது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. தொடக்கத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. நீலப்பச்சை நுண்ணுயிர்கள் சூரிய ஒளியால் தண்ணீரைப் பிளந்து வெளியிட்ட ஆக்சிஜன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் காற்றில் சேரத் தொடங்கியது. ஒகேனக்கல்லின் கார்பனடைட் உருவான காலமும் அதுவே. அதற்கு முந்தைய கடலில் இரும்பு கரைந்தே கிடந்தது. தீர்த்தமலைத் தாதுவைப் போன்ற இரும்புப் பட்டைகள் உலகெங்கும் படிந்ததில் அந்த நுண்ணுயிர்களுக்கும் பங்கிருந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பரிணாமம் நடக்க என்ன தேவை?

மூன்று தேவை: பிள்ளைகளுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு மரபுவழி தொடர வேண்டும், அதனால் பிழைத்துப் பெருகும் வாய்ப்பு மாற வேண்டும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் முதல் இரண்டும் கண்ணெதிரே நடக்கின்றன. செந்தூரா மரத்தின் கொட்டையைப் போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது; ஒவ்வொரு கன்றும் தன் போக்கில் வேறுபடும். அதனால்தான் எல்லாரும் ஒட்டுக்கன்று வைக்கிறார்கள். ஒட்டு கட்டும்போது வேறுபாடு நின்றுவிடுகிறது. கொட்டையிலிருந்து வளரும்போது வேறுபாடு பிறக்கிறது. நல்ல பழம் தந்த ஒரு மரத்தை மனிதர் தேர்ந்ததால்தான் இன்றைய ரகங்கள் எல்லாம் வந்தன.

அந்தத் தேர்வை மனிதருக்குப் பதில் சூழலே செய்தால் அது இயற்கைத் தேர்வு. டார்வினும் வாலஸும் 1858-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் ஒரு சிறு தீவில் 1977-இல் கடும் வறட்சி வந்தபோது, மெல்லிய விதைகள் தீர்ந்து கடினமான விதைகளே எஞ்சின; தடித்த அலகுள்ள குருவிகள் அதிகம் பிழைத்தன; அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் சராசரி அலகு தடித்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு ஒவ்வொரு குருவியையும் பிடித்து அளந்து இதை நிறுவியது.

ஓர் இனத்துக்குள் மாற்றம் வரலாம். முற்றிலும் புதிய இனம் உருவாகுமா?

நாம் நாள்தோறும் களியாகவும் கூழாகவும் உண்ணும் ராகியே அப்படி உருவான இனம். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து ராகிக் கொல்லைகளில் களையெடுப்பவர்களுக்கு ஒரு புல்லை நன்றாகத் தெரியும். இளம் பருவத்தில் ராகிப் பயிரைப் போலவே இருந்து ஏமாற்றும். கதிர் வரும்போதுதான் விரல்கள் மெலிந்து, மணி பொடியாக இருப்பது தெரியும். தாவரவியலில் எலூசின் இண்டிகா எனப்படும் அந்தப் புல்லுக்கு 18 குரோமோசோம்கள் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), ராகிக்கு 36.

மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ராகியின் குரோமோசோம்களில் ஒரு பாதி இந்தப் புல்லின் வழியில் வந்தது. மறு பாதி இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு புல்லினுடையது. அந்த இரண்டாவது புல் எது என்று இன்னும் அடையாளம் காணப்படவில்லை; அது அழிந்துபோயிருக்கக்கூடும். இருவேறு இனங்கள் கலந்து பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகவே இருக்கும், ஏனெனில் ஒரு பெற்றோரிடமிருந்து பாதியாக வந்த ஒன்பது குரோமோசோம்களுக்கு மற்றதன் ஒன்பதில் சரியான இணை கிடைக்காது. ஆனால் எப்போதாவது செல் பிரியும்போது பிழை நேர்ந்து எல்லாக் குரோமோசோம்களும் இரட்டித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போன்ற இணை கிடைத்து, செடி விதை தரத் தொடங்கும். அது தன் பெற்றோர் இனங்களோடு மீண்டும் கலந்தால் வளமான சந்ததி வராது, தனக்குள்ளேயே பெருகும். ஓரிரு தலைமுறைக்குள் ஒரு புதிய இனம் தனித்து நின்றுவிடுகிறது. இப்படி உருவான காட்டு ராகியைத்தான் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநில உழவர்கள் பயிராக்கினார்கள். அங்கிருந்து அது நம் நாட்டுக்கு வந்தது. எல்லாப் புதிய இனங்களும் இவ்வளவு விரைவில் உருவாவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலங்குகளில் பெரும்பாலும் கூட்டங்கள் பிரிந்து, பல்லாயிரம் தலைமுறைகள் தனித்தனியே மாறிய பிறகே அது நடக்கிறது.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், குரங்குகள் ஏன் இன்னும் மாறாமல் இருக்கின்றன?

ஒகேனக்கல்லில் பையைப் பிடுங்கும் நாட்டுக் குரங்கு நம் பாட்டன் அல்ல. மிகத் தூரத்துப் பங்காளி. அதன் முன்னோரும் நம் முன்னோரும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தனர்; அதன் பிறகு இரு கிளைகளும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. சிம்பன்சியின் கிளையும் நம் கிளையும் பிரிந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோமைப் படித்துப் பார்த்தால், இரு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அதன் நடுவே தெரிகிறது. பொது முன்னோர் இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டியதில்லை.

நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. அவை கிடைத்தது மொராக்கோவில். ஆனால் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தினர்.

தசாவதாரம் பரிணாமத்தைத்தானே சொல்கிறது? இதையெல்லாம் ஏற்றால் கடவுள் நம்பிக்கையைக் கைவிட வேண்டுமா?

மீன், ஆமை, பன்றி, பாதி மனிதன் என்று வரும் வரிசையில் ஓர் ஒற்றுமை தெரிவது உண்மை. ஆனால் பரிணாமம் ஏணி அல்ல. கிளைத்துச் செல்லும் மரம். ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. இரண்டுக்கும் பொதுவான முன்னோர் உண்டு. அவதாரக் கதைகள் அறம் காக்க இறைவன் இறங்கி வருவதைச் சொல்பவை. அவற்றை உயிரியல் பாடமாக்கினால் கதைக்கும் பெருமையில்லை, பாடத்துக்கும் பயனில்லை.

நம்பிக்கை அவரவர் உரிமை. பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தம் இயற்பியலைச் சமயத்துக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. பிள்ளைகளுக்குச் சான்றுகளை மறைப்பதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை. 2023-இல் தேசியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியலில் அது தனிப் பாடமாகவே இருக்கிறது. அது அங்கே இருக்க வேண்டும். தேர்வுக்கு விடுபடக்கூடிய பாடமாக அதைக் கருதி ஆசிரியர்கள் தாண்டிச் செல்லவும் கூடாது.

இதெல்லாம் தெரிந்து உழவருக்கு என்ன பயன்?

ஓசூர், தளிப் பகுதிகளில் முட்டைக்கோஸ் போடுபவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தெரியாமல் இருக்காது. இந்தப் பூச்சி டி.டி.டி. மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது ஜாவா தீவில் 1953-லேயே பதிவாகியிருக்கிறது. அதன் பின் வந்த மருந்துகளில் பலவற்றையும் அது தாங்கக் கற்றுவிட்டது. மருந்து பூச்சியை மாற்றுவதில்லை. முன்பே கூட்டத்தில் சிலவற்றுக்கு இருந்த தாங்கும் தன்மையைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவை செத்தபின் இணைசேர எஞ்சுவது அவை மட்டுமே. ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தேர்வு இன்னும் கடுமையாகும்.

ஆகவே வெவ்வேறு விதத்தில் வேலை செய்யும் மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வேறு வணிகப் பெயரில் வரும் அதே மருந்தை வாங்கினால் அது மாற்றம் ஆகாது. முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகைக் கவர்ச்சிப் பயிராக விதைத்தால் அந்துப்பூச்சி அங்கே முட்டையிடச் செல்லும். கடுகில் மட்டும் வேறு மருந்தால் கட்டுப்படுத்திக்கொண்டு, முட்டைக்கோசில் அடிக்கும் தடவைகளைக் குறைக்கலாம். எல்லா நிலத்திலும் ஒரே நாளில் ஒரே மருந்தை அடிக்காமல் சில இடங்களை விட்டுவைத்தால், மருந்துக்குக் கட்டுப்படும் பூச்சிகளும் உயிரோடிருந்து தாங்குபவற்றோடு இணைசேரும். தாங்கும் தன்மை கூட்டம் முழுவதும் பரவுவது தாமதமாகும்.